எல்லா நாளும் நான்கு டிகிரி

20 பிப்ரவரி 2025, வியாழன்

கிள்ளான் பாலத்தில் முக்கால் மணி நேரம் நின்று அலுவலகம் போய்ச் சேர்ந்தால், மேசையில் ஓர் அறிவிப்புப் படிவம். தட்டம்மை. ரிஷி, தகப்பன் பெயர் குரு, வயது ஒரு வருடம் ஒன்பது மாதம், வீடு மேருவில். மருத்துவமனையில் இரண்டாவது நாள். நெஞ்சில் சளி.

'தடுப்பூசி: இரண்டு முறை' என்று வார்டில் எழுதியிருந்தார்கள். இரண்டு ஊசி போட்ட பிள்ளைக்குத் தட்டம்மை வருவது அபூர்வம். இருபத்திரண்டு வருடம் சுகாதார இன்ஸ்பெக்டராக இருக்கிறவளுக்கு இப்படி ஒன்றைப் பார்த்தால் முதலில் வரும் கேள்வி, இதை யார் சொன்னது?

வீட்டுக்குப் போனேன். வாசலில் வேப்பிலைக் கொத்து. குரு லோரி ஓட்டுகிறவர்; மூத்த மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். "ஊசியெல்லாம் போட்டாச்சு மேடம். புக்கு அவங்ககிட்ட இருக்கு, ஆஸ்பத்திரியில" என்றார். நான் வேப்பிலையைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். "அது எங்கம்மா கட்டுனது."

மருத்துவமனையில் பையனின் அம்மா புனிதா. முப்பது வயதுகூட இருக்காது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடையில் வேலை. தடுப்பூசிப் புத்தகத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். ஒன்பதாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், இரண்டு இடத்திலும் கையெழுத்து, முத்திரை.

டாக்டர் இருதயத்தின் முத்திரை.

நம் இருதயம் அங்கிள்! அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து நாடி பிடித்துப் பார்த்தவர். யார் எதைச் சொன்னாலும் இரண்டு தரம் சரிபார்க்கும் நான், அவர் சொன்னதை ஒரு தரம்கூடச் சரிபார்த்ததில்லை.

"மேருவுல இருக்கிறீங்க. இங்கேயே கவர்மெண்ட் கிளினிக் இருக்கே. ஏன் பிரிக்பீல்ட்ஸ்ல போட்டீங்க?"

"கடையில ஒரு மணி நேரந்தான் விடுவாங்க மேடம். டாக்டர் கிளினிக் கடைக்குப் பின்னாலதான். இங்க காலையில போனா மத்தியானம் ஆயிடும்."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தயார் பண்ணி வைத்திருந்த பதில் மாதிரி இருந்தது. குறித்துக்கொண்டேன்.

21 பிப்ரவரி, வெள்ளி

அங்கிளுக்குப் போன் போட்டேன். பையன் பெயர், தகப்பன் பெயர், ஊசித் தேதி சொன்னேன்.

"ஞாபகம் இல்லையேமா. எவ்வளவு பிள்ளைங்க வருது!"

"உங்க முத்திரை இருக்கு அங்கிள்."

"முத்திரை இப்ப யார் வேணும்னாலும் செஞ்சிக்கலாம் உர்சுலா. ஆன்லைன்ல போட்டா வீட்டுக்கே வருது."

நியாயம்தான். போன வருடம்கூட இரண்டு போலிப் புத்தகம் பிடித்தேன். படிவத்தில் எழுதினேன்: 'தடுப்பூசிப் பதிவு போலி எனச் சந்தேகம்.'

22 பிப்ரவரி, சனி

பையனுக்கு மூச்சுத் திணறல். ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள்.

24 பிப்ரவரி, திங்கள்

ஐசியூ வாசலில் புனிதாவிடம் கேட்டேவிட்டேன். நான் கேட்ட விதம் சரியில்லை, இப்போது எழுதும்போது தெரிகிறது. "உண்மையைச் சொல்லிட்டா நல்லது. ஊசி போடலைன்னா போடலைன்னு சொல்லுங்க. யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க."

அவள் உடனே அழவில்லை. என் பெயர் அட்டையைப் படித்தாள். "மேடம் உர்சுலா. நான் என் கையால அவன் காலைப் புடிச்சிக்கிட்டேன். ரெண்டு தடவையும். அவன் கத்துன கத்து எனக்குத் தெரியும். நீங்க யாரு, நான் போடலைன்னு சொல்ல?"

நடிக்கிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். சிலர் இப்படித்தான் கோபப்படுவார்கள்.

ஆனாலும் காலைப் பிடித்துக்கொண்டதாகச் சொன்னாளே. அந்த வயதில் தொடையில்தான் போடுவார்கள். போடாதவளுக்கு அது தெரியுமா? ஏன் தெரியாது, மூத்தவளுக்குப் போட்டதைப் பார்த்திருப்பாள். சரி.

26 பிப்ரவரி, புதன்

கூட்டம். சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலை விடுதியில் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவருக்குத் தட்டம்மை. குருவின் லோரி வாரத்தில் இரண்டு நாள் அதே தொழிற்சாலைக்குப் போகிறது. மேலதிகாரி வெண்பலகையில் கோடு போட்டார்: விடுதி, லோரி, மேரு. "கேஸ் கிளியர்லா" என்றார்.

எனக்கும் கிளியராகத்தான் தெரிந்தது. லோரி ஓட்டுகிற அப்பா, ஊசி போடாத பிள்ளை. எல்லாம் பொருந்துகிறது. இவ்வளவு சுலபமாகப் பொருந்தினால் எனக்கு வழக்கமாகச் சந்தேகம் வரும். இந்தத் தடவை ஏன் வரவில்லை?

பையனின் தொண்டைச் சளியும் சிறுநீரும் ஆய்வகத்துக்குப் போயாயிற்று. அங்கே வேலை செய்யும் விஷ்ணுப்ரியாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வைரஸின் மரபு எழுத்துகளைப் படித்து எந்த வைரஸ் எங்கிருந்து வந்தது என்று பார்க்கச் சொல்லி. ஒரு வாரம் ஆகுமாம்.

28 பிப்ரவரி, வெள்ளி

குரு போன் பண்ணினார். மூத்த பிள்ளையைப் பாலர் பள்ளியில் இனிமேல் கூட்டி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பெற்றோர் வாட்சாப் குழுவில் யாரோ போட்டிருக்கிறார்கள், 'டூப்ளிகேட் புக்கு வச்சிருக்கிற குடும்பம்' என்று. புனிதாவின் கடைவரை போய்விட்டது.

"யாரு மேடம் சொன்னது? நீங்களா?"

இல்லை என்றேன்.

பொய். செவ்வாய்க்கிழமை அந்தப் பாலர் பள்ளிக்குப் போனேன். மற்றப் பிள்ளைகளின் புத்தகங்களைச் சரிபார்க்கச் சொல்லும்போது நடத்துகிற அம்மாவிடம், "ஒரு புக்கு டவுட்டா இருக்கு" என்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அங்கே நோயாளி வீட்டுப் பிள்ளை ஒருத்திதான்.

நான்தான் சொன்னேன். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

4 மார்ச், செவ்வாய்

விஷ்ணுப்ரியா காலையிலேயே கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க கோடு தப்பு. விடுதி ஆளோட வைரஸ் வேற வகை. உங்க பையனோடது வேற வகை. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல."

"நிச்சயமாவா?"

"நானூத்தம்பது எழுத்து பாக்கிறோம்கா. விடுதி வைரஸோட வச்சுப் பாத்தா எங்க பாத்தாலும் மாறுது. ஆனா ஒண்ணு. போன வாரம் கேஎல்லருந்து ரெண்டு பிள்ளைங்க சாம்பிள் வந்துச்சு. அந்த ரெண்டும் உங்க ரிஷியும் ஒண்ணு. ஒரு எழுத்துகூட மாறல."

"கேஎல்ல எங்க?"

"ரெண்டுமே பிரிக்பீல்ட்ஸ்."

கையில் இருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டேன். மேருவில் பிடித்த நோய் இல்லை இது. அம்மா வேலை செய்யும் ஊரில் பிடித்தது. நான் வளர்ந்த ஊரில்.

மேலதிகாரி வெண்பலகையை அழித்தார். விடுதியில் இதற்குள் நாற்பது பேரை ஒரு வாரம் வெளியே விடாமல் வைத்துவிட்டார்கள். அவர்களிடமும் யாராவது போய்ச் சொல்வார்களா, நீங்கள் கொண்டுவரவில்லை என்று?

5 மார்ச், சாம்பல் புதன்

மாலைப் பூசைக்குப் பிரிக்பீல்ட்ஸ் கோவிலுக்குப் போனேன். நெற்றியில் சாம்பலோடு வெளியே வரும்போது இருதயம் அங்கிள் படியில் நின்றிருந்தார். இதய ஆப்பரேஷனுக்குப் பிறகு மெலிந்தவர் மெலிந்தவர்தான். சட்டைக் காலர் கழுத்தில் சுற்றிக் கிடக்கிறது. எப்போதும் போல என் தலையில் கை வைத்தார்.

"அந்த சேலைக்கடைப் பொண்ணோட பையன் எப்படிமா இருக்கான்?"

"இன்னும் ஐசியூலதான் அங்கிள்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். நான் காரில் ஏறி, சீட் பெல்ட்டை இழுக்கும்போதுதான்...

சேலைக்கடை என்று நான் சொல்லவே இல்லை.

போனில் சொன்னது பையன் பெயரும் தகப்பன் பெயரும் தேதியும்தான். இரண்டு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சொல்லவில்லை. அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. பிறகு ஏன் இல்லையென்றார்?

யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். கடை கிளினிக்குக்கு முன்னால்தான் இருக்கிறது. வாட்சாப்பில் வந்திருக்கலாம். ஆமாம், அப்படித்தான் இருக்கும்.

6 மார்ச், வியாழன்

கேஎல் இன்ஸ்பெக்டர் ஜெயராஜிடம் பேசினேன். அந்த இரண்டு பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகங்களைப் படம் எடுத்து அனுப்பினார். இரண்டிலும் அதே முத்திரை. இரண்டு பிள்ளைகளும், அவர் விசாரித்தவரை, பிப்ரவரி ஐந்தாம் தேதி காலையில் இருமலுக்காக அந்தக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

புனிதாவுக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். குருவுக்குப் போட்டேன். அவர் அவளிடம் கேட்டுச் சொன்னார்: "அஞ்சாந்தேதி ரிஷிக்கு வயித்தால போச்சு. கடைக்குத் தூக்கிட்டுப் போனா, அப்படியே டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தா. ஏன் மேடம்? அதுவும் பொய்னு எழுதப் போறீங்களா?"

மூன்று பிள்ளைகளும் ஒரே காலையில், ஒரே அறையில். வைரஸ் கைமாறிய இடம் கிடைத்துவிட்டது. யாரோ வந்து இருமியிருக்கிறார்கள். அது யார் குற்றமும் இல்லை. எந்தக் கிளினிக்கிலும் நடக்கும்.

ஆனால் மூன்று பேருக்குமே ஊசி வேலை செய்யவில்லையா? ஒரு புத்தகம் போலி என்றால் நம்பலாம். மூன்று?

மலர் மேல் சந்தேகம் வருகிறது. அங்கிளிடம் இருபது வருடமாக உதவியாளராக இருப்பவள். முத்திரை அவள் மேசை இழுப்பறையில்தான் இருக்கும். ஊசி போடாமல் முத்திரை மட்டும் குத்திக் கொடுக்கிறாளா? அங்கிளுக்குத் தெரியாமல்? அவருக்குத் தெரிந்து, அவளைக் காப்பாற்றத்தான் ஞாபகம் இல்லை என்றாரா?

இந்த எண்ணம் வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதி வைக்க வேண்டும். மலர் குற்றவாளியாக இருந்தால் எனக்கு நிம்மதி.

8 மார்ச், சனி

தங்கை விவியன் வீட்டில் சாப்பாடு. அவள் மகள் நிக்கோலுக்கு ரிஷி வயதுதான். இரண்டு வாரம் மூத்தவள். நிக்கோலுக்கும் எல்லா ஊசியும் இருதயம் அங்கிள்தான். நான்தான் அங்கே போகச் சொன்னேன்.

"நிக்கோல் புக்கைக் கொஞ்சம் காட்டேன்" என்றேன்.

விவியன் முகம் சுருங்கியது. "இப்ப எங்களையும் செக் பண்றியா?"

கொடுத்தாள். இரண்டு ஊசிக்கும் பக்கத்தில் மருந்தின் பேட்ச் நம்பர் எழுதியிருந்தது, இரண்டிலும் ஒன்றே. கைப்பேசியை எடுத்து ரிஷி புத்தகத்தின் படத்தைப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன்.

ஒரே நம்பர்.

ஜெயராஜ் அனுப்பிய இரண்டு படங்களையும் திறந்தேன். அதே நம்பர்.

முத்திரையைப் போலியாகச் செய்யலாம். நிக்கோலுக்குப் போட்ட மருந்துப் பெட்டியின் நம்பர் மேருவில் இருக்கும் புனிதாவுக்கு எப்படித் தெரியும்? நிக்கோலுக்கு ஊசி போட்டபோது நானே பக்கத்தில் இருந்தேன். மருந்தை மலர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததை, அங்கிள் போட்டதை, இந்தக் கண்ணால் பார்த்தேன்.

ஆக, ரிஷிக்கும் ஊசி போட்டிருக்கிறார்கள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. கால், கத்தல், ஒரு மணி நேரம், எல்லாம்.

ஊசி போட்டாயிற்று. மருந்துதான் வேலை செய்யவில்லை.

10 மார்ச், திங்கள்

விவியனிடம் நிக்கோலின் இரத்தம் கேட்டேன். எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்க. "அங்கிளைச் சந்தேகப்படுறியா நீ? அம்மா செத்தப்ப நம்ம வீட்டுல யாரு நின்னா? உனக்கு இந்த வேலை மூளையைத் தின்னுடுச்சு அக்கா."

"இல்லன்னு நிரூபிக்கத்தான் கேக்கிறேன்" என்றேன். உண்மையில் அதற்குத்தான் கேட்டேன். இருக்கிறது என்று வந்தால் எல்லாம் முடிந்துவிடும். வேறு எங்காவது போய்த் தேடலாம்.

ஊசியைக் கண்டதும் நிக்கோல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

12 மார்ச், புதன்

இல்லை.

தட்டம்மைக்கு எதிராக ஒன்றுமே இல்லை. இரண்டு ஊசி போட்ட பிள்ளை, போடாத பிள்ளை மாதிரி. விஷ்ணுப்ரியா இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தாளாம். "ஒரு பிள்ளையை வச்சு முடிவு பண்ண முடியாதுகா" என்றாள். பிறகு அவளே, "ஆனா நாலு பிள்ளை..." என்று இழுத்தாள்.

இன்னும் எத்தனை பிள்ளைகள் இப்படி வெறும் முத்திரையோடு பாசார் சந்தையிலும் பாலர் பள்ளியிலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன? வைரஸ் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. இன்றைக்கும்தான்.

13 மார்ச், வியாழன்

பிரிக்பீல்ட்ஸ் என் அதிகார எல்லை கிடையாது. ஜெயராஜிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானே போனேன். அங்கிள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும் நேரம் எனக்குத் தெரியும்.

மலர் மட்டும் இருந்தாள். சுற்றி வளைக்கவில்லை; குளிர் விட்டுப்போனால்தான் இந்த மருந்து கெடும். "தடுப்பூசிக் குளிர்பெட்டியோட வெப்பநிலை எழுதுற நோட்டைக் குடு மலர். போன வருஷத்தோடது. அதுக்கு முந்தினதும்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலே எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்து வந்தாள்.

காலை நான்கு டிகிரி. மாலை நான்கு டிகிரி. ஒவ்வொரு நாளும். டிசம்பர் 2023 பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். டிசம்பர் 11, நான்கு. 12, நான்கு. கிறிஸ்துமஸ், நான்கு. புதுவருடம், நான்கு. ஜனவரி 22 வரை ஒரே பேனா, ஒரே சாய்வு.

டிசம்பர் பதினொன்றில் அங்கிளுக்கு நெஞ்சைப் பிளந்து ஆப்பரேஷன். அன்று முழுக்க நான் ஆஸ்பத்திரியில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு ஆறு வாரம் கிளினிக் பூட்டிக் கிடந்தது. மலர் அந்த ஆறு வாரமும் செமினியில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"பூட்டியிருந்த கிளினிக்ல காலையும் மாலையும் யாரு வந்து பாத்தா மலர்?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "தொறந்தன்னைக்கு கரண்டு ட்ரிப் ஆகிக் கெடந்துச்சு. குளிர்பெட்டி உள்ள தொட்டா சுடுது, ஒரே பூஞ்சை வாடை. டாக்டர்கிட்ட காட்டுனேன். அவரு ரெண்டு நாள்தான் ஆஃப் ஆகியிருக்கும், ஒண்ணும் ஆகாதுன்னாரு. நோட்டை நிரப்பிடுன்னாரு. நான் படிக்காதவ உர்சுலா. அவரு டாக்டரு."

அப்போது அங்கிள் வந்தார். கையில் ஐஸ் காப்பி கட்டிய பிளாஸ்டிக் உறை. நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்த வருஷம் பாதிவரைக்கும் எங்கேயும் புது ஸ்டாக் இல்லமா. பிள்ளைங்க வந்துகிட்டே இருந்தாங்க. திருப்பி அனுப்புனா, டாக்டர் இருதயம் முடிஞ்சான், கிழவனுக்கு இனிமே முடியாதுன்னு வேற இடம் போயிடுவாங்க. ரெண்டு நாள்தான்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்."

"ரிஷியை ஞாபகம் இல்லன்னு சொன்னீங்க."

"ஞாபகம் இருந்துச்சு."

"அவ மேல பழி விழும்னு தெரியும்ல உங்களுக்கு?"

ஐஸ் காப்பி உறையிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் காற்சட்டையை நனைத்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அழக்கூடாது என்று நினைத்தேன். முடியவில்லை.

"நீ ரிப்போர்ட் எழுதணும்" என்றார் கடைசியில். கேள்வியா, கட்டளையா, கெஞ்சலா, இப்போதுகூடத் தெரியவில்லை.

14 மார்ச், வெள்ளி

எழுதிவிட்டேன். நோட்டுப் பக்கங்களின் படங்கள், பேட்ச் நம்பர்கள், நிக்கோலின் இரத்த முடிவு, எல்லாவற்றையும் ஜெயராஜுக்கும் என் மேலதிகாரிக்கும் அனுப்பியாயிற்று. டாக்டர் என் குடும்ப நண்பர் என்பதையும் எழுதினேன். பிப்ரவரி 21-ஆம் தேதி அவர் சொன்னதைச் சரிபார்க்காமல் நான் ஏற்றுக்கொண்டதையும் எழுதினேன்.

'அனுப்பு' பொத்தானை அமுக்க நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் யாரோ ஒரு பிள்ளை எங்கோ மூச்சு இழுத்துக்கொண்டிருந்திருக்கும்.

15 மார்ச், சனி

விவியன் குடும்ப வாட்சாப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டாள். அரை மணி நேரம் கழித்துத் தனியாக ஒரு செய்தி: 'நிக்கோலுக்கு எங்கே திரும்ப ஊசி போடலாம்?'

18 மார்ச், செவ்வாய்

கிளினிக்குக்குப் பூட்டு. அதிகாரிகள் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் பாதிப் பெயர்களுக்கு முகவரி இல்லை, தொலைபேசி எண் மாறியிருக்கிறது. அந்த மருந்தைப் போட்டுக்கொண்ட பிள்ளைகள் யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜெயராஜ் சொன்னார்: அங்கிளே வந்து உட்கார்ந்துவிட்டாராம். மலர் பக்கத்தில். ஒவ்வொரு பெயராகப் படித்து, "இது தபால் நிலையத்துல வேலை பாக்கிறவரு பேரப்பிள்ளை, இது மாடி வீட்டு ஆன்டி மக பிள்ளை" என்று சொல்லிச் சொல்லி, நாற்பத்தெட்டுப் பிள்ளைகளையும் அடையாளம் காட்டினாராம். அதோடு விடவில்லை. போனை வாங்கி, அவரே கூப்பிட்டிருக்கிறார்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"ஒரே வரிதான் அக்கா. 'நான் டாக்டர் இருதயம். உங்க பிள்ளைக்கு நான் போட்ட ஊசி கெட்டுப்போன மருந்து. இன்னைக்கே கொண்டுபோய் வேற போடுங்க.' சிலர் திட்டுறாங்க. முழுசா கேட்டுட்டுத்தான் வைக்கிறாரு."

கருணையா, குற்ற உணர்ச்சியா, இல்லை விசாரணையில் நல்ல பெயர் வாங்கவா? இப்படி யோசிக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

22 மார்ச், சனி

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் மறு தடுப்பூசி. நாற்பத்தெட்டில் நாற்பத்தைந்து பேர் வந்தார்கள். இரண்டு பேர் வெளிநாட்டில். ஒருவன் ரிஷி.

பூசைக்கு வருகிற ஒரு ஆன்டி பேத்தியைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார். "நல்ல மனுஷனை முடிச்சிட்டியே" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றார்.

விவியன் நிக்கோலைக் கொண்டுவந்தாள். என்னோடு பேசவில்லை. ஊசி போடும்போது மட்டும், நிக்கோலின் இன்னொரு காலைப் பிடிக்க ஆள் இல்லாமல், என்னைப் பார்த்தாள். போய்ப் பிடித்துக்கொண்டேன்.

25 மார்ச், செவ்வாய்

ரிஷி ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்துவிட்டான். போனேன்.

புனிதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் விரல் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து கெட்டுப்போனது, டாக்டர் மறைத்தது. பிறகு பாலர் பள்ளியில் பேசியது நான்தான், குருவிடம் இல்லை என்று சொன்னது பொய் என்பதையும்.

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவள் நகவெட்டியை மூடினாள். "அந்த டாக்டர் போன்ல இதைத்தான் சொன்னாரு. எல்லாரும் மன்னிப்பு கேக்கிறீங்க. எனக்கு மன்னிப்பு வேணாம் மேடம். அந்த ஃபார்ம்ல நீங்க எழுதுனதை மாத்துங்க. மாத்துனதை எனக்குப் பேப்பர்ல குடுங்க. நான் கடையில ஒட்டணும்."

ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ தட்டைப் போட்டுவிட்டார்கள். வலது கன்னத்தைத் தலையணையில் புதைத்துப் படுத்திருந்த ரிஷி திரும்பவில்லை.

நாங்கள் இருவருமே அதைப் பார்த்தோம்.

27 மார்ச், வியாழன்

திருத்திய படிவமும் அலுவலக முத்திரையோடு ஒரு கடிதமும் வாங்கினேன். மேலதிகாரி, "இதெல்லாம் வழக்கத்துல இல்லையே" என்றார். கையெழுத்துப் போடும்வரை அவர் மேசை முன்னால் நின்றேன். ஒரு நகல் புனிதாவுக்கு. ஒரு நகலைப் பாலர் பள்ளி நடத்துகிற அம்மாவின் கையில் நானே கொடுத்து, என் எதிரிலேயே வாட்சாப் குழுவில் போடச் சொன்னேன். போட்டார். மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அவ்வளவுதான்.

சுங்கை வே விடுதிக்கும் போனேன். நோன்பு திறக்கும் நேரம். தரையில் செய்தித்தாள் விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த மலாயில், நீங்கள் கொண்டுவந்த நோய் இல்லை அது என்றேன். ஒருவர் நகர்ந்து இடம் விட்டு, ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தார்.

14 ஏப்ரல், திங்கள்

பிரிக்பீல்ட்ஸில் புதிய நோயாளி இல்லை. ஜெயராஜ் இன்னும் இரண்டு வாரம் பார்க்கச் சொல்கிறார்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

வேறு கோவிலுக்குப் போனேன். கிள்ளானில். யாருக்கும் என்னைத் தெரியாது.

28 ஏப்ரல், திங்கள்

நாற்பத்திரண்டு நாள் ஆகிவிட்டது கடைசி நோயாளிக்குப் பிறகு. பரவல் முடிந்ததாக அறிவித்தார்கள். மொத்தம் ஏழு பிள்ளைகள். யாரும் சாகவில்லை. விஷ்ணுப்ரியா ஏழு வைரஸின் எழுத்துகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டு அனுப்பினாள். ஒரே வரியை ஏழு தடவை எழுதியதுபோல் இருக்கிறது. அந்தக் காலையில் முதலில் இருமியது யாரென்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை. பதிவேட்டில் சுற்றுலா வந்த ஒரு குடும்பம் இருக்கிறது, ஹோட்டல் முகவரியோடு. போன இடம் தெரியாது.

அங்கிள் மருத்துவப் பதிவைத் தானே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். விசாரணை தனியாக நடக்கும். விவியன் சொன்னாள். ஆமாம், பேசுகிறாள்.

6 மே, செவ்வாய்

தெரியாத எண்ணிலிருந்து போன். புனிதா.

"வெள்ளிக்கிழமை ரிஷிக்குக் காது டெஸ்ட், கேஎல்ல. அவரு அன்னைக்கு ஜொகூருக்கு லோட் ஏத்திட்டுப் போறாரு. எனக்கு அங்க டாக்டருங்க இங்கிலீஷ்ல சொல்றதெல்லாம் சரியா புரியாது. நீங்க கூட வர முடியுமா?"

எதற்கு என்னைக் கூப்பிடுகிறாள்? சாட்சி வேண்டுமா? நாளைக்கு யாரும் மாற்றி எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளவா? கேட்கவில்லை. வருகிறேன் என்றேன்.

9 மே, வெள்ளி

ஏழு மணிக்கெல்லாம் மேருவுக்குப் போய் இருவரையும் ஏற்றிக்கொண்டேன். போகும்போது அவள் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கூகுள் வரைபடத்தைத் தன் போனிலும் திறந்து வைத்துக்கொண்டு வந்தாள்.

டெஸ்ட் ஒன்றரை மணி நேரம். வலது காது நன்றாக இருக்கிறது. இடது காதில் பாதிக்குமேல் போய்விட்டது. கருவி வைத்தால் பேச்சு வரும், நன்றாகவே வரும் என்றார்கள். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொன்னேன். எதையும் மெலிதாக்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டாள். "இது அந்த அம்மையாலதானே?"

உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

"ஆமா புனிதா. அதனாலதான்."

அவள் ரிஷியின் இடது காதை விரலால் தடவினாள். பிறகு, "பசிக்குதுக்கா" என்றாள். கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கினோம். ரிஷி மேசையைக் கரண்டியால் தட்டித் தட்டி, வலது பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டான். அடுத்த மாதம் கருவி பொருத்தும் நாளையும் அவளே தன் போனில் குறித்து, எனக்கும் அனுப்பினாள்.

திரும்பும்போது பிள்ளையோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். கூட்டரசு நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டது. எதையோ கேட்கக் கண்ணாடியில் பார்த்தேன். போன் மடியில் இருட்டாகக் கிடக்க, தலை ஜன்னலில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டிருந்தாள்.

வேகத்தைக் குறைத்து, இடது ஓரமாகவே ஓட்டினேன். மேரு வந்த பிறகும் எழுப்பவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தி, மழை விடும்வரை உட்கார்ந்திருந்தேன்.